சங்க அட்டை வாங்காதவன்

அரியலூரில் நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் கில்ன் என்கிற சூளைப் பகுதியில், நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, கடைசிவரை எந்தச் சங்கத்திலும் அட்டை வாங்காமல் ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஆலையின் பழைய ஆட்களும் புதிய ஆட்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சமீபத்தில் அதில் ஒரு வாக்குவாதம். ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் சங்கம் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு குரல் பதிவு போட்டேன். சங்கம் வந்தால் பின்னாலேயே கட்சி வரும், வேலை தெரிந்தவனுக்குச் சங்கம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்கு ஜமாலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சங்கச் செயலாளராக இருந்தும், வேலைநிறுத்தத்தின் நடுவே உள்ளே வந்து கில்னைக் காப்பாற்றியவன், தொழிலாளி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று முடித்தேன். கண்ட்ரோல் ரூமில் வேலை செய்யும் தேன்மொழி என்ற பெண் ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். "அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுங்க சார்?"

நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டாள். முழுவதையும் எழுதித் தாருங்கள், நாங்கள் படிக்கிறோம் என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கருத்துகளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பழைய போக்குக்காரன். ஒரு ஆலைக்கு ஒரு தலைதான் இருக்க வேண்டும் என்று நினைப்பவன். கேட்டுக்கு வெளியே நான்கைந்து கட்சிக் கொடிகள் பறப்பதும், ஆட்சி மாறினால் எந்தக் கம்பம் உயரமானது என்பதும் மாறுவதும் எனக்குப் பிடித்ததில்லை. ஓட்டுப் போடுவேன், யாருக்கு என்று என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. சாமி கும்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகிறவன். மேடையில் ஏறிச் சாமியைக் கேலி செய்கிறவன் எனக்காக எதை வாங்கித் தந்தாலும் அது எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் அமுக்குவதைச் செய்தி என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இதெல்லாம் புத்தகம் படித்து வந்ததில்லை. என் அப்பா செந்துறைப் பக்கத்தில் அடுத்தவர் காட்டில் கடலை பறித்துக் கூலி வாங்கியவர். எங்களுக்கென்று ஒரு முழ நிலம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்து, நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். நிலம் வரவில்லை. ஆலை வந்தது. நான் ஐ.டி.ஐ. முடித்து அதில் சேர்ந்த அன்று அப்பா, "கொடி புடிச்சவன் எவனும் நமக்கு ஒண்ணும் தரல. மெசினு தருது. அதை மரியாதையா வச்சுக்க" என்றார். என் அரசியல் முழுவதும் அந்தப் பேச்சிலிருந்து முளைத்ததுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரி அள்ளினேன், கிரீஸ் வைத்தேன், தும்மினால் சாம்பல் நிறத்தில் சளி வந்தது. அங்கிருந்து கில்னுக்குப் போனேன்.

கில்னைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ரயில் பெட்டிகள் சிலவற்றைக் கோத்துவைத்தது போல நீளமான இரும்புக் குழாய் அது. உள்ளே ஒரு ஆள் தலை நிமிர்ந்து நடக்கலாம். லேசான சரிவில் படுத்தபடி உருண்டுகொண்டே இருக்கும். மேல் முனையில் சுண்ணாம்புக்கல் பொடி விழும். கீழ் முனையில் கரித் தீ எரியும். பொடி உருண்டு உருண்டு தீயை நோக்கி வந்து, வெந்து, கருப்பு உருண்டைகளாக வெளியே விழும். இரும்பு உருகாமல் இருக்க உள்ளே முழுக்க நெருப்புச் செங்கல் பதித்திருக்கும். இதில் முக்கியமானது ஒன்றுதான்: சூடாக இருக்கும்போது அது உருளாமல் நிற்கக் கூடாது. நின்றால் மேல்பக்கம் ஆறும், சரக்குக் கிடக்கிற அடிப்பக்கம் கொதிக்கும், குழாய் தன் எடையிலேயே வளைந்துவிடும். தீயை அணைத்த பிறகும், துணை மோட்டாரைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, கோடு கால் சுற்று வந்ததும் நிறுத்துவோம். பிறகு மறுபடி கால் சுற்று. மழை பெய்தால் அந்த இடைவெளியும் கிடையாது. விடாமல் உருட்ட வேண்டும். மழை மேல்பக்கத்தை மட்டும் நனைக்கும், அது போதும் வளைய. கரண்ட் போனால் உருட்ட ஒரு டீசல் இன்ஜின் பக்கத்திலேயே தயாராக நிற்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கில்ன் மேனேஜர் சிவப்பிரகாசம் சார். ஒல்லியான மனிதர், காக்கிப் பேண்ட், சட்டைப் பையில் மஞ்சள் துணியில் சுற்றிய நீலக் கண்ணாடி. தீயைப் பார்ப்பதற்கு ஆலையில் எத்தனையோ கண்ணாடிகள் இருந்தாலும் அவர் தன்னுடையதில்தான் பார்ப்பார். புதிதாக வந்த உதவியாளரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "தயவு செஞ்சு கொஞ்சம் இப்படி வர்றீங்களா?" என்று கேட்டார் என்றால் அந்த ஆளுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். யார் ஓடிவந்து எதைச் சொன்னாலும், "நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்பார். கேள்விப்பட்டேன் என்றால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். ஒருமுறை செங்கல் விழுந்து குழாயின் ஒரு இடம் சிவந்துவிட்டது என்று நான் சொன்னபோதும் அதே கேள்விதான். பார்த்தேன் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் தீயை அணைக்கச் சொல்லிவிட்டார். தன் சொல்லை ஒருவர் அப்படி எடுத்துக்கொள்வது எங்களைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவனுக்கு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நிர்வாகம் என்றால் என் மனதில் சிவப்பிரகாசம் சார்தான். நிர்வாகத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஜமால் என்னோடு ஒரே வருஷத்தில் சேர்ந்தவன். எலக்ட்ரீஷியன். லப்பைக்குடிக்காட்டுக்காரன். அண்ணன் தம்பிகள் எல்லோரும் துபாய், குவைத் என்று போய்விட, இவன் மட்டும் உள்ளூரில் இருந்தான். கேட்டால், மூட்டை கட்டிக்கொண்டு போவதற்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, இருப்பதற்கு ஒருத்தன் வேண்டாமா என்பான். எங்களுக்குள் எதில் ஒத்துப்போகும் என்று கேட்டால் சிரிப்பு வரும்: சாமி விஷயத்தில். அவன் ஐந்து வேளை தொழுகிறவன். வெள்ளிக்கிழமை மதியம் கேட்டில் சங்கக் கூட்டம் என்றால்கூட ஜும்மாவுக்குப் போய்விட்டுத்தான் வருவான். திருச்சியிலிருந்து வரும் அவன் சங்கத் தலைவருக்கு அது பிடிக்காது. ஆயுத பூஜை அன்று எலக்ட்ரிக்கல் பேனல் முழுவதையும் துடைத்துப் பளபளவென்று வைப்பவன் அவன்தான். பொட்டு வைப்பதும் படைப்பதும் எங்கள் வேலை. பொரியைக் கையில் வாங்க மாட்டான். "படையலைத் திங்கிறது எங்க மார்க்கத்துல கூடாது. பேனலைத் தொடைக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல" என்பான்.

சங்கம் என்று வந்தால் ஒத்துப்போகாது. தொழுகிறவனுக்கு அந்தச் சிவப்புக் கொடியின் கீழ் என்ன வேலை என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கொடிதான் பாக்கிங் பகுதியில் மூட்டை பிடிக்கிற ஒப்பந்த ஆட்களைப் பற்றிப் பேசுகிறது, வேறு எந்தக் கொடியும் பேசவில்லை என்பான். அவர்கள் எல்லோரும் என் அப்பா மாதிரி ஆட்கள். என் ஊர்ப் பக்கத்து ஆட்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் இரக்கம் இருந்தது. ஆனால், நான் ஐ.டி.ஐ. படித்து வந்தது போல அவர்களும் வரட்டுமே என்ற எண்ணமும் இருந்தது.

அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதுதான் அந்த வருஷத்து வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கை. எங்கள் சம்பள உயர்வு இரண்டாவது. வேலைநிறுத்தம் தொடங்கும் முன் கில்ன் தீயை முறையாக அணைத்து, சரக்கை வெளியேற்றி, ஆறவைத்துவிட்டுத்தான் ஆட்கள் வெளியேறுவார்கள் என்று ஜமால் சிவப்பிரகாசம் சாரிடம் சொல்லியிருந்தான். சாரும் அதை நம்பினார். ஆனால் அதற்கு முதல் நாளே, நிர்வாகம் வெளியூர் ஆட்களை வேனில் கொண்டுவந்து பாக்கிங்கில் இறக்கிவிட்டது. திருச்சித் தலைவர் கேட்டில் நின்று, இப்போதே எல்லோரும் வெளியே வாருங்கள் என்று அறிவித்துவிட்டார். கில்னுக்கு மட்டும் ஒரு நாள் கொடுங்கள் என்று ஜமால் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். தலைவர் மறுத்துவிட்டார். செயலாளர் என்ற முறையில் ஜமாலும் வெளியேறினான்.

உள்ளே மிஞ்சியது சார், இரண்டு இளம் என்ஜினீயர்கள், லேபில் இருந்த ஒருவர், பிறகு நான். தீயை அணைத்துவிட்டுத் துணை மோட்டாரில் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம். மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்து குழாயின் மேலிருந்து ஆவி கிளம்பியபோதே, நிறுத்தாமல் உருட்டுங்கள் என்று சார் சொல்லிவிட்டார். பெருமழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு இடி. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே. டீசல் இன்ஜினின் சாவியைத் திருப்பினேன். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டிக். என்ஜினீயர்கள் ஆளுக்கொரு வயரைத் தொட்டுப் பார்த்தார்கள். கில்ன் நின்றுகிடந்தது. அது நின்று நான் பார்த்ததெல்லாம் ஆறிய பிறகுதான். அந்தச் சூட்டோடு மழையில் நின்று அன்றுதான் பார்த்தேன். உள்ளே செங்கல் ஒன்று பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது.

சார் என் பக்கத்தில் வந்தார். "கலியபெருமாள், தயவு செஞ்சு ஒரு உதவி பண்றீங்களா? ஜமாலைக் கூப்பிட்டுப் பாக்குறீங்களா?" என்றார். தான் போனால் அது நிர்வாகம் போனதாகிவிடும், அதனால்தான் என்னைக் கேட்கிறார் என்று புரிந்தது.

கேட்டுக்குப் போகும்போது என்னைப் பார்த்ததும் சங்கம் போட்டிருந்த பந்தலுக்குள்ளிருந்து கருங்காலி என்று யாரோ சொன்னார்கள். பிறகு இன்னும் பலர் சொன்னார்கள். ஜமால் எழுந்து வெளியே மழைக்குள் வந்தான். இருவரும் டீக்கடைத் தகரத்தின் ஓரமாக ஒதுங்கினோம்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டான்.

"நின்னுடுச்சு. கரண்ட் இல்ல. இன்ஜினும் எடுக்கல."

"சத்தம் எப்படி வருது?"

"டிக்குனு ஒண்ணு. அதோட சரி."

அவன் ஆலையின் பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றான். அவன் யோசிக்கிற நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயிடு ஜமாலு. உனக்கு ஒண்ணும் வராது. வேலை பாக்குறவனை இந்தக் கம்பெனி கைவுடாது. நான் இருக்கேன், சார் இருக்காரு" என்றேன். ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னேன்.

அவன் திரும்பி நடந்தான். பந்தலுக்குள் போய்ச் சங்க ஆட்களிடம் ஏதோ பேசினான். என்ன பேசினான் என்று மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒருவர் கையை நீட்டி மறித்தார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜமால் சட்டையில் குத்தியிருந்த சங்க பேட்ஜைக் கழற்றி, மறித்தவரின் கையிலேயே கொடுத்துவிட்டு என்னோடு நடந்தான். உள்ளூர் கேபிள் சேனலின் கேமராக்காரர் ஒருவர் குடைக்குள் நின்று எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கில்ன் பக்கம் வந்ததும் அவன் இன்ஜினைத் தொடக்கூட இல்லை. பாட்டரியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். பிறகு யார்டில் நின்றிருந்த கல் லாரிகளிடம் ஓடி, இரண்டு பாட்டரிகளைக் கழற்றச் சொன்னான். நானும் ஒரு என்ஜினீயரும் சுமந்து வந்தோம். அதற்குள் அவன் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளை அவிழ்த்து, பச்சை பூத்திருந்த முனையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சார் தன் குடையை அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். தானே நனைந்தார். இரண்டு பாட்டரிகளையும் கோத்துக் கட்டிவிட்டு, ஜமால் வாய்க்குள் பிஸ்மி சொன்னான். எனக்கு என் பெருமாள். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமிக்கொண்டே எடுத்தது.

குழாய் நகர்ந்தபோது வந்த முனகல் இப்போதும் என் காதில் இருக்கிறது. கொஞ்சம் வளைந்துவிட்டிருந்தது. உருளும்போது நடுவில் தூக்கித் தூக்கி விழுந்தது. சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, வளைவு மேலே வரும் இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். அதன் எடையே அதைக் கீழே அமுக்கட்டும் என்றார். மழையில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார், நிறுத்தினோம். பிறகு சுற்றினோம். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினோம். மழை விட்டபோது சுண்ணாம்புக் கோடு ஆடாமல் நேராகச் சுற்றி வந்தது. சார் ஜமாலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஜமால் கைகழுவிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வந்த வழியே கேட்டுக்குத் திரும்பினான்.

அன்று இரவு கேபிள் செய்தியில் வந்தது. ஜமாலும் நானும் கேட்டுக்குள் நடந்து போகிறோம். தூரத்தில் மேனேஜர் ஒருவர் அவனுக்குக் குடை பிடிக்கிறார். படம் அவ்வளவுதான். சங்கச் செயலாளர் நிர்வாகத்துடன் ரகசியச் சந்திப்பு என்று ஒரு குரல் சொன்னது. மறுநாள் காலையில் சங்கம் அவனை நீக்கிவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த அந்தச் சேனல் ஆபீசுக்குப் போனேன். நடத்துகிறவர் மரியாதையான ஆள்தான். "நாங்க காட்டுனது பொய்யாங்கண்ணே? அவரு உள்ள போனாரா இல்லையா? குடை புடிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டார். எல்லாம் நடந்ததுதான். நடந்ததை நீங்களே சொல்லுங்கள், அதையும் போடுகிறோம் என்று கேமரா முன்னால் உட்காரவைத்தார். கில்ன் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, மழை, பாட்டரி, பச்சை பூத்த கேபிள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். மாலையில் போட்டார்கள். "ஆமா, நான்தான் அவரைக் கூப்பிட்டேன். சார் சொல்லித்தான் கூப்பிட்டேன்" என்ற இடம் மட்டும் வந்தது. முந்தின நாள் சந்தேகப்பட்டவர்களும் அன்றைக்கு உறுதியாக நம்பிவிட்டார்கள்.

சில வாரங்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஒப்பந்த ஆட்களுக்குக் கையுறையும் கேன்டீன் சாப்பாடும் கிடைத்தன, நிரந்தரம் கிடைக்கவில்லை. எங்களுக்குச் சம்பள உயர்வு வந்தது. சங்கத்தில் இல்லாத எனக்கும் வந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். என் மகளின் படிப்புக்கு அது உதவியாகவும் இருந்தது.

ஆனால் கில்னைச் சூட்டோடு விட்டுவிட்டு வெளியேறக் காரணமானவர்கள் என்று மூன்று பேரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. மூவரில் ஒருவன் ஜமால். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் பார்க்கிற பெர்சனல் ஆபீசரிடம் சாரும் நானும் போனோம். சார் பேசினார். அன்று அந்த ஆள் வராவிட்டால் ஆலையே இல்லை என்றார். பெர்சனல் ஆபீசர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். பிறகு, "நீங்க சொல்றதுலேர்ந்து ஒண்ணு தெளிவாத் தெரியுது சார். கில்ன் நின்னா என்ன ஆகும்னு அவருக்கு மத்தவங்களைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் வெளிய போயிருக்காரு" என்றார். சிவப்பிரகாசம் சாரின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். சென்னைத் தலைமை அலுவலகம் வரை போய்ப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷமே வேறு மாநிலத்து ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் விடைபெற்றவர் ஜமாலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மற்ற இருவருக்காகச் சங்கம் கேட்டில் உட்கார்ந்தது, பேச்சுவார்த்தை நடத்தியது, கடைசியில் இருவரையும் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஜமால் சங்கத்து ஆள் இல்லை என்பதால் அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. சங்கம் இல்லாமலே ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரில் சங்கம் இல்லாத ஒருவன்தான் வெளியே நின்றான். திருச்சித் தலைவரை நான் அதுவரை வெறுத்தது போதாதென்று அன்றிலிருந்து இன்னும் வெறுத்தேன். பெர்சனல் ஆபீசரை அந்த அளவுக்கு வெறுக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஜமால் நாற்பது வயதுக்குமேல் குவைத்துக்குப் போனான். அண்ணன் தம்பிகள் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில் இவன் மூட்டை கட்டினான். இடையில் இரண்டு மூன்று கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். நலமா என்று கேட்டோம். அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நானே முடிவுசெய்து, சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். என் சர்வீஸ் முடிந்தது. கில்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் குறைந்து, எல்லாம் கண்ட்ரோல் ரூம் திரைக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தேன்மொழி குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் நான் நுரையீரலைப் பாதி இழந்தேன்.

எழுதுவது என்று முடிவான பிறகு, அவன் பெயர் வருவதால் அவனைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று பட்டது. பஸ்ஸில் பெரம்பலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டில் இறங்கினேன். ஜமால் மூட்டுவலியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "கலியபெருமாள் வந்துருக்கான், டீ போடு" என்றான், நேற்றுத்தான் ஷிஃப்ட் முடிந்து பிரிந்தது போல.

வந்த விஷயத்தைச் சொன்னேன். குரல் பதிவில் அவனைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டான். போனைக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்தான்.

"எழுது. ஆனா நான் கம்பெனிக்காக உள்ள வந்தேன்னு எழுதாத" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். கில்ன் வளைந்திருந்தால் ஆலை பல மாதம் மூடிக்கிடந்திருக்கும். நிரந்தர ஆட்களுக்குப் பாதிச் சம்பளமாவது வரும். மூட்டை பிடிக்கிறவர்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு யாரை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பது? பந்தலுக்குள் போய்ச் சங்க ஆட்களிடம் அவன் சொன்னது அதைத்தானாம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. செயலாளராகப் போனால் சங்கம் போனதாகிவிடும் என்றுதான் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தானாம். "சங்கத்தை மீறி வந்தேன்னு சொல்றியே. சங்கத்து வேலையைத்தான் பாத்தேன்" என்றான்.

இத்தனை வருஷம் நான் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்த கதை வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. சங்கத்தைப் பற்றிய என் கருத்துகளில் பாதி அந்தக் கதையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கொடிகளைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் இன்றைக்கும் நான் நினைப்பது அதேதான். தேன்மொழியிடமும் மற்றவர்களிடமும் சங்க அட்டை வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வாங்காதீர்கள் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "உனக்கு ஒண்ணும் வராதுன்னு நான்தானே சொன்னேன். அதை நம்பித்தானே வந்த?" என்றேன்.

அவன் சிரித்தான். பல் இரண்டு போயிருந்தது. "உன் பேச்சை நம்புனது நீ ஒருத்தன்தான். கேட்டைத் தாண்டுறப்பவே எனக்குத் தெரியும், இனிமே நான் உள்ளயும் இல்ல, வெளியவும் இல்லன்னு."

"தெரிஞ்சிருந்தா அங்கயே சொல்லியிருக்கலாமே ஜமாலு."

"சொல்லியிருந்தா நீ என்னைக் கூப்புடாம திரும்பிப் போயிருப்பியா?"

அவன் மனைவி டீயை வைத்துவிட்டுப் போகும்வரை நான் யோசித்தேன். மழையும், குழாயிலிருந்து எழுந்த ஆவியும், செங்கல் விழுந்த சத்தமும் கண்முன் வந்தன. அவனிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்ல. அப்பவும் கூப்புட்டுத்தான் இருப்பேன்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு, டீ ஆறிவிடும் என்று என் பக்கம் தம்ளரை நகர்த்தினான்.